தமிழில் சொல்லக்கூடாத தொழில்

சேக் தாவூதின் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமைக் காலையில்தான், வட அமெரிக்கக் கண்டத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் மகத்தான பணி, டெக்ஸாஸின் ரவுண்ட் ராக் நகரில் ஒரு வீட்டுக் கராஜில் தொடங்கியது. வருங்காலச் சந்ததியினர் இதை மறக்கக் கூடாது.

"அசையாதய்யா!" என்று கத்தினார் திருமூர்த்தி. கையில் கத்தரிக்கோல்.

"நான் எங்கண்ணே அசைஞ்சேன்? காது இருந்த எடத்துலயேதான் இருந்துச்சு. நீங்கதான் தேடி வந்தீங்க."

"புஷ்பா! மஞ்சத்தூள் கொண்டா!"

திருமூர்த்தியின் மனைவி புஷ்பவல்லி டப்பாவோடு வந்தார். காதில் ஒரு கை அப்பினார். "இன்னிக்கு ஒரு காதோட நிறுத்திக்குங்க. சாம்பாருக்குத் தூள் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மகள் கயல் கராஜ் படியில் உட்கார்ந்து பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "டாட், ஹிஸ் ஹெட் லுக்ஸ் லைக் டெக்ஸாஸ்" என்றாள். உண்மைதான். தெற்கே கூராக, மேற்கே ஒரு பெரிய வெட்டவெளியோடு அப்படியேதான் இருந்தது.

திருமூர்த்தி சாதாரண மனிதரல்ல. ஒரு பெரிய கம்பெனியில் டேட்டாபேஸ் ஆர்க்கிடெக்ட். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். தென்னந்தோப்பு, காளை, கிணறு சகிதம். "எங்க தாத்தா பேருல ஒரு வாய்க்காலே ஓடுதுங்க" என்று எந்தப் பேச்சையும் முடித்துவைப்பார். பேச்சு பங்குச்சந்தையைப் பற்றியதாக இருந்தாலும் கடைசியில் வாய்க்கால் வந்து சேர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு 2009-இல் ஆபத்து வந்தது. பொருளாதாரம் படுத்துவிட்டது. கம்பெனியில் ஆட்குறைப்பு, அதற்கு 'ரைட் சைஸிங்' என்று திருநாமம். வேலை போனால் ஹெச்-1 விசா போகும். விசா போனால் வீடு, கார், கயலின் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். கிரீன் கார்டு வரிசையிலோ அவர் முறை வருவதற்குள் கயலுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு மாகாணம் கை நீட்டியது. பெயர் வேண்டாம், பாவம், நல்லவர்கள். 'எங்களிடம் இடம் இருக்கிறது, குளிர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. கைத்தொழில் தெரிந்தவர்கள் வாருங்கள். மாகாணமே உங்களை நாமினேட் செய்து, நிரந்தரமாகக் குடியேற்றிக்கொள்ளும்' என்றது. கம்ப்யூட்டர்காரர்கள் வேண்டுமா என்று கேட்டதற்கு, 'அது இங்கேயே கிடைக்கிறது' என்று பதில் வந்தது.

உடனே திருமூர்த்தி வீட்டு ஹாலில் அவசரக் கூட்டம். 'வட அமெரிக்கத் தமிழ்க் கைத்தொழிலாளர் பேரவை' உதயமானது. தலைவர் திருமூர்த்தி. உறுப்பினர்கள் இருவர்: டெஸ்டிங்கில் இருந்த ராமசுப்ரமணியன், நெட்வொர்க்கில் இருந்த சேக் தாவூத். இருவரும் தலைவரின் கம்பெனியேதான். வேறு கம்பெனியில் இருந்த மயில்சாமி ஆகிய நான் செயலாளர். தலைவர் முதலில் போய் வழி திறப்பது, மற்றவர்கள் பின்னால் வரிசையாகப் போவது என்பது திட்டம்.

"யாருக்காச்சும் ஏதாச்சும் கைத்தொழில் தெரியுமா?" என்று கேட்டார் தலைவர்.

ஒருவரும் கை தூக்கவில்லை. இவ்வளவு ஒற்றுமையை நான் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

மாகாணத்தின் பட்டியலை ராமசுப்ரமணியன் லேப்டாப்பில் வாசித்தார். "வெல்டர்."

"கண்ணு போயிருங்க. ஏற்கெனவே பவர் ஜாஸ்தி" என்றார் தலைவர்.

"பிளம்பர்."

"அடுத்தவன் பாத்ரூமுக்குள்ள நான் போறதா? எங்க தாத்தா பேருல வாய்க்கா ஓடுதுங்க!"

"அதுவும் தண்ணி மேட்டர்தானேண்ணே" என்றார் சேக் தாவூத். தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"இறைச்சி வெட்டறவர்" என்று வாசித்த ராமசுப்ரமணியன் சற்று யோசித்தார். "இதுல வெஜ் ஆப்ஷன் இருக்கான்னு கேட்டுப் பார்க்கலாமோ?"

கடைசியில் ஒன்று இருந்தது. ஹேர் ஸ்டைலிஸ்ட். சான்றிதழ் வேண்டாம். நேரில் ஒரு தலையை வெட்டிக் காட்டி, இன்டர்வியூவில் பேசினால் போதும். போட்டியும் கிடையாது.

எல்லோரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா நம்ம ஊர்ல சொல்றமே, அந்த..." என்று ஆரம்பித்தார் சேக் தாவூத்.

"சொல்லாதீங்க!" திருமூர்த்தி எழுந்தே விட்டார். "குழந்தை மாடில இருக்கா."

"இங்கிலீஷ்ல எவ்ளோ கௌரவமா இருக்கு பாருங்கோ" என்றார் ராமசுப்ரமணியன். "ஸ்டைலிஸ்ட். சயின்டிஸ்ட் மாதிரி. அப்படியே விட்டுடலாமே."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'தமிழ் வளர்ச்சியையே உயிர்மூச்சாகக் கொண்ட இப்பேரவை, மேற்படி தொழிலை எக்காரணம் கொண்டும் தமிழில் குறிப்பிடாது.' நான்தான் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

பயிற்சி தொடங்கியது. திருமூர்த்தி எதையும் முறைப்படி செய்பவர். கராஜ் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி 'ப்ராஜெக்ட் ஃபேஸ் ஒன்: தாவூத், ஃபேஸ் டூ: ராமு' என்று எழுதினார். காதில் பட்டால் அது 'கிரிட்டிக்கல்'. கழுத்தில் பட்டால் 'மைனர்'. தலைக்குச் சொந்தக்காரர் கத்தினால் அது 'யூசர் எர்ரர்'.

அவருடைய நுட்பம் எளிமையானது. இடது பக்கம் ஏறியிருந்தால் வலது பக்கத்தைக் குறைப்பார். வலது ஏறிவிட்டால் மறுபடி இடது. இந்த நீதி தவறாத நடவடிக்கை, இரு பக்கமும் சமமாகும்வரை தொடரும். அந்தச் சமநிலைக்கு மொட்டை என்று பெயர்.

சேக் தாவூத் வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி ஷரீபா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, ஹஜ்ஜுக்கு என்னைய விட்டுட்டுத் தனியா போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாராம். மறுவாரம் ராமசுப்ரமணியனும் சமநிலை அடைந்தார்.

கம்பெனியில் இது பெரும் மரியாதையை ஏற்படுத்தியது. மேனேஜர் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார்: 'நமது இந்திய நண்பர்கள் தற்போது ஒரு புனித விரதத்தை அனுசரித்து வருகிறார்கள். மீட்டிங்குகளில் அவர்கள் தலையை உற்றுப் பார்ப்பதைத் தவிர்க்கவும்.' பிரார்த்தனை செய்ய அவர்களுக்கு ஒரு சின்ன அறையும் ஒதுக்கித் தந்தார்கள். இருவரும் அதில் மதியம் தூங்கினார்கள்.

ஆட்குறைப்புப் பட்டியல் தயாரானபோது, விரதத்தில் இருப்பவர்களை நீக்கினால் கோர்ட்டுக்குப் போய்விடுவார்களோ என்று ஹெச்.ஆர். பயந்துவிட்டது. மொட்டைகள் தப்பின. தலை நிறைய முடியோடு, விரதம் எதிலும் இல்லாமல், கையில் கத்தரிக்கோல் காயங்களோடு இருந்த ஒரே இந்தியருக்கு மட்டும் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. திருமூர்த்தியின் தியாகத்தை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மாகாணத்தின் ஆள்சேர்ப்பு முகாம் அந்த வாரமே டாலஸில் ஒரு ஹோட்டலில் நடந்தது. வெட்டிக் காட்ட ஒரு தலை வேண்டும். பேரவையில் முடியுள்ள தலை ஒன்றுதான் பாக்கி. கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுகிறவன் என்பதால் விலக்குப் பெற்றிருந்த என் தலை. காரில் ஏறினேன்.

ஐ-35 ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போனதும் திருமூர்த்தி மெதுவாகச் சொன்னார். "தம்பி, என் கை என்னான்னு எனக்கே தெரியும். வெட்டுறதுல ஃபெயில்தான். இன்டர்வியூலதான் தூக்கியாகணும். ராமு நெட்டுல பாத்திருக்காரு. பரம்பரைத் தொழில்னு சொன்னா வெள்ளைக்காரங்க உருகிருவாங்களாம். ஃபேமிலி ட்ரெடிஷன். அதனால எனக்கு ஒரு அப்பா வேணும்."

"உங்களுக்குத்தான் அப்பா இருக்காரேண்ணா."

"அவரு இதுக்கு செட் ஆக மாட்டாரு தம்பி. நீ ஒருத்தரச் சொல்லு. இது போச்சுன்னா கயலைக் கூட்டிட்டு ஊருக்குப் போய் நிக்கணும். அவளுக்குத் தமிழ்ல ஒரு வரி எழுதத் தெரியாது. எந்த ஸ்கூல்ல சேப்பேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"பேரு மாரிசாமி."

"ம். நல்லா இருக்கு."

"உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சலூன். ஒரே ஒரு நாற்காலி. கண்ணாடி கீழ் மூலைல விரிசல் விட்டிருக்கும். அது தெரியாம இருக்க ஒரு முருகன் படம் ஒட்டியிருப்பாரு."

"பிரமாதம்! அப்புறம்?"

"விடியால தோட்டத்து வீடுகளுக்குப் போவாரு. முன்வாசல் வழியா போகக்கூடாது. மாட்டுக்கொட்டாயைச் சுத்திப் பின்னாடிதான் போகணும். அந்த வீட்டுப் பொடியன்கூட 'டேய் மாரி'ன்னுதான் கூப்பிடுவான். அறுவடை ஆனா கூலிக்கு நெல்லு. எட்ட நின்னு துண்டை விரிச்சு வாங்கிக்கணும்."

திருமூர்த்தி வேகத்தைக் குறைத்தார். "இது வேண்டாம் தம்பி. ரொம்ப நெகட்டிவா இருக்கு. பாசிட்டிவா வை. முன்வாசல்ல சேர் போட்டு உக்கார வெச்சாங்க, காபி குடுத்தாங்கன்னு மாத்திரு."

"காபி டம்ளர்லயாண்ணா?"

"பின்ன? டபரா செட்டோட!"

மாற்றினேன். கொங்கு நாட்டின் தலைமுறை தலைமுறையான ஒரு அநியாயம், மணிக்கு எழுபது மைல் வேகத்தில் இவ்வளவு சுலபமாகச் சரிசெய்யப்பட்டதற்கு வேறு உதாரணம் சரித்திரத்தில் கிடையாது.

ஹோட்டல் ஹாலில் எங்களைச் சுற்றிலும் வெல்டர்களும் தச்சர்களும் காத்திருந்தார்கள். மாகாணத்தின் அதிகாரி மார்கரெட் என்ற அம்மையார் எனக்குத் துணி போர்த்தி உட்கார வைத்தார். திருமூர்த்தி தொடங்கினார். இடது பக்கம் ஏறியது. வலது பக்கத்தைக் குறைத்தார். அம்மையார் அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன ஸ்டைல்?"

"தமிழ் ட்ரெடிஷனல், மேடம்."

"வலிக்கிறதா?" என்று என்னைக் கேட்டார்.

"ட்ரெடிஷன்தானே மேடம்" என்றேன்.

அம்மையார் பேனாவை மூடினார். "மன்னிக்கவும் மிஸ்டர் திருமூர்த்தி. இந்தக் கையை நம்பி எங்கள் மக்களின் தலையை ஒப்படைக்க முடியாது."

திருமூர்த்தி விடவில்லை. கத்தரிக்கோலை நெஞ்சில் அணைத்துக்கொண்டார்.

"மேடம்! மை ஃபாதர் மாரிசாமி!"

ஒற்றை நாற்காலியைச் சொன்னார். விரிசலைச் சொன்னார். முருகன் படத்தைச் சொன்னபோது கண்ணீர் வந்துவிட்டது, அது நடிப்பில்லை. முன்வாசலையும் டபரா செட்டையும் சொன்னார். "அந்தக் கைதான் மேடம் என்னை வளர்த்தது. ஐ ஆம் எ ப்ரௌட் பார்பர்ஸ் சன்!" என்று முடித்தார்.

வெல்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கை பழகிக்கொள்ளும். இந்தப் பெருமையைத்தான் யாருக்கும் சொல்லித்தர முடியாது. பயிற்சி பெறுபவராக உங்களை நாமினேட் செய்கிறோம்" என்றார்.

என் கைகள் துணிக்குள் இருந்ததால் என்னால் கைதட்ட முடியவில்லை.

திரும்பும்போது வேக்கோ பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினார். முதல் வேலையாக வீட்டுக்குப் போன். "கிடைச்சிருச்சு புஷ்பா! கயல்கிட்ட சொல்லு, பெரிய ஜாக்கெட் வாங்கணும்னு! ஊர்ல கேட்டா டெக்னிக்கல் கேட்டகிரின்னு மட்டும் சொல்லு. என்ன?"

பிறகு குழாயில் முகத்தை நன்றாக இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்தார்.

"தம்பி, அந்த மாரிசாமி மேட்டர் இந்த எடத்தோட முடிஞ்சுது. வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கயலுக்கு மாப்ள கிடைக்காது. எங்கப்பா காதுக்குப் போச்சுன்னா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது."

"சரிங்கண்ணா."

"ஆனா ஒண்ணு. என்னா கற்பனைப்பா உனக்கு! அந்த விரிசல், அதுமேல முருகன் படம்... எப்படித்தான் தோணுச்சோ!"

"சும்மா தோணுச்சுங்கண்ணா."

சும்மா தோன்றவில்லை. அந்தக் கடை இன்னும் இருக்கிறது. முருகன் படத்தை மட்டும் போன தைப்பூசத்துக்குப் புதிதாக மாற்றியதாகப் போனில் சொன்னார். மாரிசாமி என் அப்பா.

நான் ரவுண்ட் ராக்குக்கு வந்த புதிதில், பொங்கல் விருந்தில் பரிமாறிக்கொண்டிருந்த திருமூர்த்தி என் தட்டுக்கு முன்னால் நின்று, "தம்பிக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வடையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "பேங்க்ல இருக்காருங்க" என்றேன். வடை தட்டில் விழுந்தது.

அன்று முதல் இன்றுவரை இந்த டெக்ஸாஸில் என் அப்பாவை "என் அப்பா" என்று சபை நடுவே, கண்ணீரோடு, பெருமையாகச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் தலைவர் திருமூர்த்திதான். எப்பேர்ப்பட்ட உயர்ந்த உள்ளம்! அதைச் சொல்லவைக்க அவருக்கு ஒரு நாட்டையே லஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.