நாற்பத்திரண்டாவது இலை

கொரட்டூர்,
ஐப்பசி 3

சம்பந்தி ஆகவிருந்த மதிப்பிற்குரிய வீராசாமி அவர்களுக்கு, ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கோவில்பட்டியில் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கும் சர்க்கரை, பிரஷர் நீங்கலாகச் சுகம். "ஆகவிருந்த" என்று எழுதுவதற்குள் மூன்று தாள் வீணாயிற்று. தை மாதம் வைத்த கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் பிள்ளை பிரசன்னா தங்கமான பையன். குறை அவனிடம் இல்லை, அவன் எச்சிலில் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன். ஏரிக்கரையில் எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடு, அத்தனையும் பங்காளிகள். ஆடி மாதம் ஒரு காலேஜிலிருந்து கிருஷ்ணப்பிரியா என்றொரு பெண் வந்து, யார் எங்கிருந்து வந்தவர்கள் என்று வம்ச வழி பார்க்கிறோம், வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் எச்சில் கொடுங்கள் என்றது. தெருவுக்கே பெரிய மனிதன் மாதிரி நான்தான் முன்னால் நின்றேன். அன்று பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி வாய் நிறையப் பஞ்சு. நம் வீடு விட்டுப்போனால் மானம் போய்விடுமே என்று, மாடியில் வாடகைக்கு இருக்கும் பிரசன்னாவைக் கூப்பிட்டு, "நைனா, என் பேர்ல நீ துப்பிடுப்பா" என்றேன். துப்பினான். எச்சிலில் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்த முட்டாள் நான்.

புரட்டாசியில் முடிவு வந்தது. பெண்கள் எல்லோரும் மருமகளாக வந்தவர்கள், அதனால் அம்மா வழி வம்சம் வீட்டுக்கு வீடு வேறாம். ஆண்கள் தெருவைவிட்டு நகரவே இல்லை, நாற்பத்தொரு பேருக்கும் ஒரே மூலத் தகப்பனாம். எல்லோரும் கைதட்டினோம். என் கை பாதியில் நின்றுவிட்டது. என் பெயரில் இருந்தது உங்கள் பையன் அல்லவா!

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் தெரு ஆண்களுக்கு மூன்று தும்மல் வரும், நாலாவது வராமல் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். மாடியில் உங்கள் பையனும் அப்படியே நிற்கிறான். டீக்கடை பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்தும் பிரசன்னாவின் முதுகாகத் தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது, பயந்துவிடாதீர்கள். ஆவணியில் பங்காளிகள் படையல் போடும்போது, எந்தக் காலத்திலோ கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன ஓர் அண்ணன்காரனுக்காக நாற்பத்திரண்டாவதாக ஓர் இலை போடுவோம். அதைக் காக்கைகூடத் தொடாது. இந்த வருடம் ஆபீஸிலிருந்து வந்த பிரசன்னா, யாரும் சொல்லாமல் நேரே போய் அந்த இலையில் உட்கார்ந்து, "ரொம்ப லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று சாப்பிட ஆரம்பித்தான். வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் இறங்கி வந்து அவனைச் சுற்றி நின்றன. அன்று சிரித்தோம். இப்போது காக்கை கத்தினாலே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

ஆக அவன் அந்த அண்ணன்காரன் வழி வந்த எங்கள் பங்காளி, என் மகள் எழிலரசிக்கு அண்ணன் முறை. எப்படிக் கட்டிக்கொடுப்பேன்? சொன்ன நாளிலிருந்து அவள் எனக்கு ரசம் ஊற்றுவதில்லை. சோற்றை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறாள். பெற்ற மனம் எரிகிறது ஐயா. என் மனைவி கண்ணம்மாதான் சிரிக்கிறாள். "நாப்பது வருசமா இந்த ஊட்ல வந்தவ வந்தவன்னு கேட்டுகினு கீறேன். மொதல்ல நீங்க துப்புங்க. உங்க எச்சில யாரு பாத்தாங்க?" என்கிறாள். மண்ணின் மைந்தனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? அவள் வாயை மூட நேற்று அந்தக் காலேஜ் பெண்ணிடம் துப்பியும் கொடுத்துவிட்டேன்.

குலசாமி உங்களைக் காக்கட்டும். இப்போது இருவருக்கும் ஒரே சாமிதான்.

இப்படிக்கு,
கண்ணீருடன்,
ஏகாம்பரம்

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்து இது மூன்று வாரம் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் என் முடிவும் வந்துவிட்டது. என் எச்சில் தெருவில் ஒருவரோடும் ஒட்டவில்லை. பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தால், என் கொள்ளுத்தாத்தா வேப்பம்பட்டிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். நாற்பது வீட்டில் பெண் வந்தாள், என் வீட்டில் ஆண் வந்திருக்கிறான். ஆகவே நாங்கள் பங்காளி வீட்டுப் பெண்ணின் வம்சம், உங்கள் பையன் எழிலரசிக்குக் கட்டிக்கிற முறை என்று கண்ணம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மேலே உள்ளதைக் கிழித்துப் போடுங்கள், கல்யாணம் தையில்தான். எழிலரசி நேற்று எனக்கு ரசம் ஊற்றினாள்.

அடுத்த படையலில் என் இலை பிரசன்னாவுக்கு. எனக்கும் ஓர் இலை போடப் பங்காளிகள் பெரிய மனது பண்ணியிருக்கிறார்கள், கடைசியில், நாற்பத்திரண்டாவதாக. இன்று காலை அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு பிடி சோறு வைத்துப் பார்த்தேன். மரம் நிறையக் காக்கைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.