பிரசாதப் பொறுப்பாளர்

"அக்கா, அந்த இலைய இப்படிக் குடுங்க. உங்களுக்கு சுகர் இருக்கு" என்று ஹரிதாஸ் கையை நீட்டினார்.

அம்மாக்கண்ணு அப்போதுதான் சர்க்கரைப் பொங்கலை வாங்கியிருந்தார். இலையில் நெய் மினுமினுத்தது. மலையிலுள்ள ரிங்லெட் ஊருக்கு மேலே, காட்டோரத்தில் முனியாண்டி கோயில். ஆடி வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு கோயில் பாக்கி.

தாப்பாவிலிருந்து வேனில் வந்த ஐந்து முதியவர்களுக்கும் ஹரிதாஸ்தான் தலைவர். டாக்டராக இருக்கும் மகள் வாசுகி கொடுத்த பதவி. "அஞ்சு பேருக்கும் சுகர்ப்பா. ஒருத்தரும் இனிப்பத் தொடக் கூடாது. நீங்க கூட இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லியிருந்தாள். சுகாதார இலாகாவில் ஊர் ஊராகச் சாக்கடை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். அதன்பிறகு வீட்டில் யாரும் அவரை எதற்கும் கேட்டதில்லை. இப்போதுதான் ஒரு வேலை வந்திருக்கிறது. இதிலும் கோட்டைவிட்டால் டிவி ரிமோட்டைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

"சாமி பிரசாதத்த வேணாங்கக் கூடாது சார்" என்றார் பூசாரி. "கீழயும் போடக் கூடாது. காவல் தெய்வம், பாத்துக்கிட்டே இருக்கும்."

பூசாரியும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். முனியாண்டியைப் பகைத்துக்கொண்டு அந்த மலைப்பாதையில் வேன் ஏற முடியுமா? ஹரிதாஸ் ஐந்து இலைகளையும் வாங்கித் தானே தின்று தீர்த்தார். அவருடைய பங்கு தனி.

"நீங்க சாப்பிடாதீங்க தலைவரே, எங்கிட்டக் குடுங்க!" என்று ஐவரில் ஒருவரான சுப்பிரமணியம் கடைசி இலையைப் பிடித்து இழுத்தார்.

இந்த வயதிலும் இவ்வளவு நாக்கா என்று ஹரிதாஸுக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்தது தேயிலைத் தோட்டத்து மாரியம்மன். இந்தமுறை ஹரிதாஸ் முந்திக்கொண்டார். "ஐயா, எங்க ஆளுங்க எல்லாருக்கும் சுகர். திருநீறு மட்டும் போதும்."

"ஐயோ பாவம்! அப்ப வீட்டுப் புள்ளைங்களாச்சும் சாப்பிடட்டும்லா" என்று உருகிப்போன பூசாரி, ஆளுக்கொரு பொட்டலம் பொங்கல், ஆளுக்கொரு பொட்டலம் கேசரி என்று கட்டிக் கொடுத்துவிட்டார்.

வேனில் அத்தனையும் ஹரிதாஸின் மடியில் ஏறியது. பின்சீட்டிலிருந்து அம்மாக்கண்ணுவின் கை நீண்டது.

"நான் வச்சுக்கறேன் தம்பி. என் பேக்ல ஜிப்பு இருக்கு."

"ஜிப்பத் தொறக்க எவ்ளோ நேரம் ஆகும் அக்கா?"

"நீங்க தொடாதீங்க, அவ்ளோதான் சொல்லுவேன்."

ஹரிதாஸ் மசிகிற ஆளா? கியா பார்ம் சந்தை வந்ததும் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்களுக்கு நடுவே வேன் மாட்டிக்கொண்டது. வழி கிடைப்பதற்குள் பொட்டலங்கள் எல்லாம் காலி.

"போதும் தலைவரே" என்றான் டிரைவர் கனகராஜ், கண்ணாடியில் பார்த்து.

"நீ ரோட்டப் பாரு."

மூன்றாவது கோயிலில் ஹரிதாஸ் யாரையும் இறங்கவே விடவில்லை. கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, ஐந்து பேருக்கும் சேர்த்துத் தானே கும்பிடப் போனார். வயதானவர்களால் வேனைவிட்டு இறங்கக்கூட முடியவில்லையாம் என்று தோட்டத்து ஜனங்கள் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியதோடு நிற்கவில்லை. ஒரு வாளி நிறையப் பாயசம் ஊற்றிக் கொடுத்தார்கள்.

அவர் வாளியோடு வருவதைப் பார்த்ததும் வேனுக்குள் கண்ணாடியைத் தட்டும் சத்தம். கனகராஜ் கதவைத் திறந்துவிட்டான்.

"வாளிய விடுங்க தலைவரே!" என்று அம்மாக்கண்ணு பாய்ந்தார். சுப்பிரமணியம் கைத்தடியை எறிந்துவிட்டு வாளியின் பிடியைப் பற்றினார்.

ஹரிதாஸ் உதறிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடினார். பின்னால் ஐந்து கிழங்கள். இதற்கு முன்னால் மூச்சு வாங்காமல் படியேறத் தெரியாதவர்கள் இனிப்பென்றதும் எப்படி ஓடுகிறார்கள்! அவர் வாளியைத் தூக்கி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது வாளியில் ஒரு முந்திரி மட்டும் ஒட்டியிருந்தது.

"யாரும் ஒரு சொட்டு தொடல... வாசுகிகிட்டச் சொல்லுங்க" என்றார். மலை ஒரு சுற்றுச் சுற்றியது. செடிமேல் சாய்ந்தார்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நர்ஸ் புனிதா அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு அதிர்ந்து நின்றாள்.

"இருபத்தெட்டு! பத்தத் தாண்டினாலே ஆபத்து. சுகர் உள்ளவர இப்படியா விடுவீங்க?"

"எனக்கு வெறும் பார்டர்தான் மிஸ்ஸி" என்றார் ஹரிதாஸ் ஈனக்குரலில். சுவரோரம் நின்ற ஐவரையும் பெருமையோடு காட்டினார். "சுகரெல்லாம் அவங்களுக்கு. ஒரு பருக்கை உள்ள போகாமக் காப்பாத்தியிருக்கேன். மொதல்ல அவங்களக் குத்திப் பாருங்க."

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகராஜ்தான் சொன்னான்.

"அவங்க யாருக்கும் சுகரே இல்ல மிஸ்ஸி. சார இனிப்புத் தொடாமப் பாத்துக்கத்தான் டாக்டரம்மா இந்த அஞ்சு பேரையும் கூட அனுப்பி வச்சாங்க."