சன்னாசிக்கு வந்த நெஞ்சு நோய்

"அது வலப்பக்கம். நெஞ்சு வருத்தமெண்டால் இடப்பக்கம் பிடிக்க வேணும்" என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் மகாலிங்கம்.

சன்னாசி கையை மாற்றிப் பிடித்து முனகினான். கேட்பதற்குப் பிரசவ வலி மாதிரி இருந்தது.

லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். போனவன் எவனும் திரும்பவில்லை. வார முடிவில் இந்தத் தோட்டத்துக்கு லாரி வருகிறது. காய்ச்சல், புண் எல்லாம் செல்லாது. நெஞ்சு நோய்க்காரனை மட்டும், வழியிலேயே செத்துத் தொலைப்பான் என்று ஜப்பான் டாக்டர் கழித்துவிடுவாராம். சன்னாசிக்கோ எருமைக்கடா உடம்பு.

"இந்த நடிப்புக்கு அவன் அறைவான்" என்றார் மகாலிங்கம். "நான் சொல்லித் தந்ததெண்டு தெரிஞ்சால் என்ர தலை போயிடும், கவனம்."

வீட்டில் தாயம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. இருந்தது அவளும் அவனும்தான்.

"நீங்க போயிட்டா எனக்கு யாருங்க இருக்கா? நோயாளியாவே கெடங்க. உங்க வேலையையும் நானே பாத்துக்கறேன்."

ரப்பரை அழித்து மரவள்ளி நட்டிருந்த காலம். இரண்டு பேர் மண்வெட்டியும் அவள் கைக்குப் போனது. சன்னாசி லயத்து வீட்டு வாசலில் நோயாளியாகக் கிடந்தான். கிடந்த சுகத்தில் தூங்கிவிட்டான்.

வேலை வாங்கும் மண்டோர் மணியம் வந்து காலால் தட்டினான். ஜப்பான் பாஷையில் நாலு வார்த்தை கற்றதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னடா, நெஞ்சு நோய்க்காரன் கொறட்டை விடுறான்? டாக்டர் வரட்டும் லா, பாத்துக்கலாம்."

சன்னாசி அவசரமாக இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அந்தி சாய்ந்து தாயம்மா வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, "கஞ்சி... வைக்கட்டுங்களா..." என்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

அவனுக்குப் பொறி தட்டியது.

"ஏ புள்ள, இது நல்லாருக்கே! இன்னொரு தடவை வாங்கு!"

அவள் வாங்கினாள். அதற்கு அவள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள்தான் பாடசாலை. நாலடி நடந்தால் நின்றாள், அவனும் நின்றான். "படுத்தா மூச்சு முட்டுதுங்க" என்று சுவரில் சாய்ந்து தூங்கினாள். அந்தச் சுவரை அவன் பிடித்துக்கொண்டான், அவள் கதவுக்கு நகர்ந்தாள். அவள் கால் வீங்கியிருந்தது. அவன் கணுக்காலில் கயிறு கட்டி வீங்க வைத்தான். மரவள்ளி தின்கிற ஊரில் யார் கால்தான் வீங்கவில்லை?

லாரி வந்த அன்று மணியம் வாசலில் நின்று சிரித்தான். "இவ்ளோ முடியாதவன் ஆஸ்பத்திரி மேட்டுல எப்படி ஏறுவான்?"

"நான் தாங்கிக்கிட்டுப் போறேங்க" என்றாள் தாயம்மா.

மணியம் பின்னாலேயே வந்ததால் சன்னாசி முழுப் பாரத்தையும் அவள் தோளில் போட்டான். படுபாவி, ஒரு அடிகூடத் தானாக எடுத்து வைக்கவில்லை.

டாக்டர் முன்னால் மூச்சு வாங்கினான், நின்றான், சரிந்தான், வீங்கிய காலைக் காட்டினான். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டுப் பளார் என்று ஒரு அறை விட்டார்.

"மேளம் மாதிரி கணீர்னு அடிக்குதாம் நெஞ்சு" என்று மணியம் மொழிபெயர்த்தான். "ஆனா சீக்கு அத்தனையும் அச்சு அசலா செய்யறியாம். யார்டா கத்துக் குடுத்தது?"

மருந்து அலமாரி ஓரத்தில் மகாலிங்கத்தின் முகம் வெளுத்தது.

"சாமி சத்தியமா யாருமில்லைங்க! எம் பொண்டாட்டியப் பாத்துத்தான் செஞ்சேன். இவ தெனமும் இப்படித்தாங்க!"

மணியம் அதைச் சொன்னதும் டாக்டர் திரும்பினார். படியில் உட்கார்ந்திருந்த தாயம்மாவுக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. அவள் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. குழாயை நெஞ்சில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மணியத்திடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"ஒன்னைய இந்த லாரியில ஏத்தலையாம்" என்றான் மணியம்.

"பாத்தியா புள்ள!" சன்னாசிக்கு உயிர் வந்தது. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

மணியம் அவன் கைகளைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டான்.

"அடுத்த லாரிக்கு வந்தாப் போதுமாம். இவளுக்குக் கொள்ளி வைக்க ஆள் வேணும்ல."