மலைக்குப் பின்னால் நந்தி

காஜா பேராங், மலாக்கா
ஜூலை 1957, வெள்ளிக்கிழமை

இல்லை அண்ணா, சீட்டு இல்லை. சாராயமும் இல்லை. மூன்றாவதை எழுதக் கூச்சப்பட்டு வெறும் புள்ளிகளாக வைத்திருந்தீர்களே, அதுவும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

முறைப்படி தொடங்கவில்லை. மன்னிக்கவும். தியாகு அண்ணாவுக்கும் ஜெயா அண்ணிக்கும் தங்கை கோகிலாவின் வணக்கம். கோலாலம்பூரில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பா அளவுக்கு மீறி நலம். உங்கள் கவலையே அதுதான்.

அம்மா போன பிறகு அப்பா பேசிய சொற்களை ஒரு தபால் அட்டையில் அடக்கிவிடலாம். "உப்பு." "போதும்." "விளக்கை அணை." இப்போது விசிலடிக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போடுகிறார். எங்கே போகிறீர்கள் என்றால், "சும்மா, அந்தப் பக்கம்." காஜா பேராங்கில் அந்தப் பக்கம் என்று ஒரு பக்கம் கிடையாது. என் பள்ளிக்கூடப் பையிலிருந்து வெண்கட்டி காணாமல் போகிறது. முதலில் வெள்ளை வெண்கட்டி, பிறகு நீல வெண்கட்டி. (தமிழில் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்:

"கோகி, இருட்டுல படகு ஓட்டுறவன் விளக்கு வெச்சிருப்பானா?"

"எதுக்குப்பா?"

"ஒருத்தனுக்குத் தெரியணும்."

பண்டார் ஹிலிர் சுங்க அலுவலகத்தில் வேலைக்காலம் முழுக்கக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கப்பலில் வந்தவர்களின் கைக்குட்டையைக்கூட உதறிக் காட்டச் சொன்னவர். யார் அந்த ஒருத்தன்?

சந்தேகப்பட்டேன். சிங்கப்பூரில் படித்த படிப்பில் எனக்கு முழுமையாக வந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். போனது மட்டும்தான் நான் திட்டமிட்டது, மற்றதெல்லாம் தானாக நடந்தது, ஏனென்றால் அப்பா நேராக சிட்டிகளின் கம்போங் குடியிருப்புக்குள் நுழைந்தார், நம் சாமி, நம் பெயர், பேச்சு மட்டும் மலாய் என்று இருக்கிறார்களே அவர்கள்தான், வாசலில் மாவிலை கட்டிய ஒரு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் கூப்பிடாமலே உள்ளே போய்விட்டார், உங்கள் வீட்டுக்குள்ளேயே நீங்கள் வாங்க வாங்க என்று சொல்லாமல் நுழையாதவர், அது தெய்வானை என்ற அம்மாளின் வீடு, குவே பலகாரம் செய்து விற்பவர், கணவர் இல்லை, எல்லாரும் பிபிக் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், நான் சன்னலுக்குக் கீழே வாழைமரத்தோடு வாழைமரமாக நின்றேன், கையில் குடை, உள்ளே அப்பாவின் குரல், "பாலத்தை எரிச்சிடலாம்" என்றது, ஒரு பெண் குரல் நல்ல நாகப்பட்டினத்துத் தமிழில், "எரிச்சுட்டா நான் எப்படி அக்கரைக்கு வர்றது? நான் யானையாச்சே" என்றது, ஒரு முரட்டு ஆண் குரல் மலாயில், "ராணி ஓடமாட்டாள், ராணியை யாராவது தூக்கிக்கொண்டு போங்கள்" என்றது, பிறகு சோழி விழும் சத்தம், பிறகு ஒரு வயதான பெண் குரல், பாலம் எரிந்துவிட்டது என்றது, யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அவசரகாலச் சட்டம் இன்னும் போகவில்லை அண்ணா. பாலம் எரிப்பவர்களை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு மாத்தா-மாத்தா, போலீஸ்காரர், சைக்கிளை நிறுத்தினார். மலாய்க்காரர். இளம் வயது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

உண்மையைச் சொன்னால் அப்பா உள்ளே போவார். சொல்லாவிட்டால் நான் போவேன்.

"வாழைப்பூ பார்க்கிறேன்."

"குடையோடா?"

மழை இல்லை. வெயிலும் இல்லை. சன்னல் திறந்தது. "சியாப்பா?" என்றார் பிபிக். யார் என்று கேட்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் அப்பாவின் தலை.

"அது நம்ம கோகிலா. படிச்ச பொண்ணு. அப்படித்தான் எங்கேயாச்சும் நிக்கும்."

மலாயிலும் அதையே சொன்னார். போலீஸ்காரருக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது. அதுதான் எனக்கு வலித்தது.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய மேசை. மேசை முழுக்க வெண்கட்டியால் ஒரு நாடு. மலை வெள்ளை, கடல் நீலம், கோட்டை, சந்தை, ஆறு. எந்தப் பூகோளப் புத்தகத்திலும் இல்லாத நாடு. அதில் ஒவ்வொருவரும் ஒரு ஆள். அப்பா, உங்கள் அப்பா, உப்புக் கடத்துகிறவர். சரியான தீர்வை கட்டாமல், இருட்டில், படகில். பிச்சை என்பவர் லாரி ஓட்டுகிறார், மீசை இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை. அவர் அரண்மனையை விட்டு ஓடிவந்த ராணி. பாக்கியலட்சுமி மளிகைக்கடைக்காரர் மனைவி, போன வருஷம்தான் கப்பலில் வந்தவர். அவர் யானை. ஏன் யானை என்று கேட்டேன்.

"மனுஷியாத்தான் தினம் இருக்கேனே" என்றார்.

பிபிக் எவரும் இல்லை. மற்ற எல்லாமும் அவர். மழை, திருடன், சந்தைக் கூட்டம், பூட்டிய கதவு. ஆட்கள் தாங்கள் செய்யப்போவதைச் சொல்கிறார்கள். முடியுமா என்று சந்தேகம் வந்தால் சொங்காக் பல்லாங்குழிச் சோழியைக் குலுக்கிப் போடுகிறார்கள். வாய் மேலே பார்த்தால் முடிந்தது. கீழே பார்த்தால் இல்லை.

"யார் ஜெயிப்பது?" என்று கேட்டேன்.

எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஜெயிப்பதற்கு இது என்ன ஓட்டப்பந்தயமா?" என்றார் ராணி, மீசையைத் தடவிக்கொண்டு.

ஆட்டம் முடிந்ததும் பிபிக் ஈரத்துணியால் நாட்டைத் துடைத்துவிடுகிறார். அந்த மேசையில்தான் சாப்பிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை எல்லாரும் ஞாபகத்திலிருந்து மறுபடி வரைகிறார்கள். ஞாபகங்கள் ஒத்துப்போவதில்லை. ஆறு கிழக்கே இருந்தது என்கிறது யானை. மேற்கே என்று சத்தியம் செய்கிறார் அப்பா. பிபிக் தீர்ப்புச் சொல்வதில்லை. "ஆறு இடம் மாறிவிட்டது. கரையில் இருந்தவர்கள் பாவம்," என்கிறார். உடனே எல்லாரும் கரையில் இருந்தவர்களுக்காகக் கவலைப்படுகிறார்கள். அந்த நாட்டில் தப்பு என்று எதுவும் வெளியே போவதில்லை. உள்ளேயே ஓர் இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

பெரிய தப்பு நந்தி. ஆரம்பத்தில் ஒருநாள் மலைக்குப் பின்னால் என்ன என்று பாக்கியலட்சுமி கேட்டிருக்கிறார். பிபிக் இன்னும் யோசிக்கவில்லை. "நந்தி லா" என்றிருக்கிறார். பொறு, அப்புறம் என்று மலாயில் அர்த்தம். பாக்கியலட்சுமியின் மலாய் அப்போது மீன் வாங்க மட்டும் போதுமானது. கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "நந்தியா? எம்மாம் பெருசு?" பிபிக் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு, "பெரிது. வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது," என்றாராம்.

அன்றிலிருந்து மலையளவு காளை ஒன்று அங்கே படுத்திருக்கிறது. ஒருவரும் தாண்டியதில்லை. அப்பாவுக்கு அதைத் தாண்ட வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். நந்திக்குப் பின்னால் என்ன என்று வாராவாரம் கேட்கிறார். வாராவாரம் பிபிக் அதே சொல்லைச் சொல்கிறார். எந்த பாஷையில் சொல்கிறார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

இதில் அப்படி என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். கதை இல்லை, முடிவு கிடையாது. விளையாட்டு இல்லை, வெற்றி கிடையாது. பக்தி இல்லை, காளையைத் திட்டுகிறார்கள். அடுத்த மாதம் சுதந்திரம். ஊரே வரிசையில் நின்று தான் யார் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் பிறந்த ஊருக்குச் சாட்சி கேட்டார்கள். பிச்சையின் முன்னோர் இங்கே கோட்டை எழும்பும் முன்பே வந்தவர்கள். தமிழ் தெரியாத நீ என்ன தமிழன் என்று அவரை நம் ஆட்களே கேட்கிறார்கள். அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. யானை என்றால் யானை. உடனே ஒரு கொட்டாரம் வரைந்து கொடுக்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளும் இடத்தில் ஏதோ ஒளிந்திருக்க வேண்டும். அங்கேயே சொன்னேன், "எல்லாரையும் விட்டுடற நாடு எப்படி நாடாகும்? எல்லையில சந்தேகப்பட ஒரு ஆள் வேணாமா?"

பிபிக் டப்பாவிலிருந்து ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து ஆற்றின் வாயில் வைத்தார். "வந்துவிட்டார்கள். சுங்கச்சாவடி அதிகாரி. எதையும் நம்பமாட்டார்கள்."

அப்பாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

அதன் பிறகு நான் போவது விசாரணைக்காக மட்டும். யானையின் காதுக்குள் சோதனை போட்டதும் அதற்காகத்தான். (கிளி இருந்தது.) ராணியின் பெட்டியை அவிழ்க்கச் சொன்னதில் பிச்சைக்குக் கொஞ்சம் வருத்தம்.

என் முடிவு இதுதான். அப்பா எதையோ மறைக்கிறார். உப்பு ஏற்றிய படகு அவ்வளவு ஆழமாக அமிழாது. நான் நெருங்கும்போதெல்லாம் படகைத் திருப்பிவிடுகிறார். இல்லாத நாட்டில் பொய் சொல்கிற மனிதருக்கு இருக்கிற நாட்டில் ஏதோ விஷயம் இருக்கிறது. இது நல்லதற்கில்லை. நீங்கள் எழுதியதே சரி. மாதக் கடைசியில் வந்து அப்பாவை உங்களோடு அழைத்துப் போய்விடுங்கள். பேரப்பிள்ளைகளோடு இருந்தால் புத்தி தரைக்கு வரும். வீட்டுச் சொந்தக்காரரிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருமல் இல்லாமல், சண்டை இல்லாமல், உங்கள் கண்பார்வையில் வளரட்டும்.

இப்படிக்கு,
எதையும் நம்பாத தங்கை,
கோகிலா

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை காலை)

கடிதம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. நேற்று அப்பாவைப் பிடித்துவிட்டேன்.

அந்த நாட்டில் நேற்று நிலா இல்லை என்றார் பிபிக். விளக்கு வைத்திருக்கவில்லை என்றார் அப்பா. நான் பொத்தானை நகர்த்தினேன்.

"படகை நிறுத்துங்க."

"யாருங்க அது?"

"சுங்கம்."

"உப்புதாங்க." அந்த நாட்டில் அப்பா என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார்.

"உப்புக்குக் கீழே?"

"கீழேயும் உப்புதாங்க."

கம்பியால் குத்திப் பார்க்கிறேன் என்று சோழியைப் போட்டேன். எல்லாம் வாயைத் திறந்து மேலே பார்த்தன. கம்பி எதிலோ இடிக்கிறது, இரும்பு, என்றார் பிபிக்.

"என்ன அது, கிராணி?" என்று பிச்சை கேட்டார். ராணியின் குரலில் இல்லை.

அப்பா வெண்கட்டி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் மெஷின்."

எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியும் அண்ணா. அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள், இங்கே சும்மாதானே கிடக்கிறது, ஜெயாவுக்கு உதவும் என்று லாரியில் ஏற்றினீர்கள். அப்பாதான் கயிற்றைப் பிடித்தார். இறுக்கிக் கட்டு என்றும் சொன்னார்.

"எங்கே கொண்டு போறீங்க?" கேட்பதுதான் என் வேலை.

"நந்திக்கு அந்தப் பக்கம்."

"அங்கே என்ன இருக்கு?"

"தெரியாது. பாதித் தைச்ச சட்டை ஒண்ணு எங்கிட்ட கிடக்கு. ரெண்டு கையும் இன்னும் வைக்கல. வைக்கிற ஆள் அந்தப் பக்கம்தான் இருக்கணும்."

யானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் இதையும் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். சந்தேகத்துக்குப் பிடி கிடைக்கவில்லை, வழுக்கிப்போனது.

"தீர்வை கிடையாது. போங்க" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படி? இரும்புச் சாமான். திறந்து பார்க்காம விடலாமா? நீயெல்லாம் என்ன ஆபீசர்?"

திறந்து பார்த்தேன். சக்கரம், ஊசி, அம்மா நூல் கண்டுகள் வைக்கும் சின்ன இழுப்பறை. பார்த்தாகிவிட்டது என்று சொல்லிப் பொத்தானை ஒதுக்கினேன். படகு நந்தி வரைக்கும் போனது. அப்பா சோழியைப் போட்டார். எல்லாம் குப்புற விழுந்தன. காளை அசையவில்லை.

"அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார். வீடு வரை விசிலடித்துக்கொண்டு வந்தார்.

ஆகவே மேலே எழுதியதை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். திரும்ப எழுதப் பொறுமை இல்லை. அப்பாவை அழைத்துப் போக வேண்டாம். மெஷினை அனுப்பி வையுங்கள். அண்ணி அதன்மேல் ரேடியோதான் வைத்திருக்கிறார்கள், வந்தபோது பார்த்தேன். பிச்சை கோலாலம்பூருக்கு லாரியில் வரும்போது ஏற்றிக்கொள்வார். ராணி என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், வெளி ஆட்களிடம் கூச்சப்படுவார்.

அண்ணன் மாதக் கடைசியில் வரலாமா என்று கிளம்பும்போது பிபிக்கிடம் கேட்டேன். துடைத்த துணியைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார்.

"நந்தி."

எந்த பாஷை என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையில் ஒரு நீல வெண்கட்டியைப் போட்டுவிட்டு வந்தேன்.