பரந்தனில் கை விறைத்த கதை

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை சொல்லும் பரந்தன் கதையில் எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம் உண்டு. சந்தேகத்தை வைத்துக்கொண்டே அதை நம்பியும் வந்தேன். இரண்டையும் ஒரே மனிதன் எப்படிச் செய்யலாம் என்று கேட்காதீர்கள். கலியாணம் கட்டியவர்களுக்கு அது பழகிப்போன வேலை.

அண்ணை கனடாவில், விட்பியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவருடைய கராஜும் என்னுடைய கராஜும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அவருடைய கதை இதுதான். இளவயதில் மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் போயிருக்கிறார். பரந்தனில் மோட்டார் சைக்கிளின் செயின் அறுந்து, இரண்டு பேரும் வாய்க்காலுக்குள். பழைய செயினை நம்பியதுதான் பிழை. ஆகவே தம்பி, உம்முடைய மோட்டார் சைக்கிளின் செயினை மாற்றாமல் றோட்டில் இறங்காதேயும்.

மாற்றினேன்.

அடுத்த வசந்தத்தில் அதே மச்சான், அதே பரந்தன், அதே வாய்க்கால். ஆனால் இந்த முறை பிரேக். அதற்கடுத்த முறை சீற் கழன்றுவிட்டது. சீற்றும் மச்சானும் பரந்தனில் இருக்க, அண்ணை மட்டும் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். போன வருடம், சூடாகும் கைப்பிடி இல்லாத காரணத்தால் கை விறைத்து விழுந்தார்கள். பரந்தனில். சித்திரை வெயிலில்.

அதையும் நம்பி, சூடாகும் கைப்பிடி வாங்கிப் பூட்டினேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் குலசிங்கம். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். தினமும் கோ ட்ரெயினில் ரொறன்ரோவுக்குப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்துவிட்டு வருகிறவன். ட்ரெயின் ஜன்னலால் பார்த்தால் நெடுஞ்சாலை தெரியும். அதில் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் பறப்பான். எனக்குக் கால் பரபரக்கும். இவ்வளவுதானா என் வாழ்க்கை என்று எழும்பி நிற்பேன். எழும்பி நின்றால் பக்கத்தில் நிற்பவர் என் சீற்றில் இருந்துவிடுவார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், பிளாஸ்ரிக் கூம்புகளைச் சுற்றி ஓடிக் காட்டி லைசென்ஸ் எடுத்தேன். பழைய யப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஏரிக்கரை வழியாகக் கிங்ஸ்ரன் வரைக்கும் தனியாகப் போய்வருவது என்று சபதம் எடுத்தேன்.

என் மனைவி நிரூபா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அப்போதே நான் உசாராகியிருக்கவேண்டும். தக்காளி வாங்கினாலே பத்துக் கேள்வி கேட்கிறவள் அவள்.

ஒன்றை மட்டும்தான் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, பூசை செய்யாமல் உந்த மோட்டச்சைக்கிளை றோட்டிலை இறக்கக்கூடாது."

"சரி, கோயிலுக்குக் கொண்டுபோறன்."

"எப்பிடி?"

"ஓடிக்கொண்டுதான்."

"பூசை செய்யாமலோ?"

"பூசை செய்யத்தானே போறன், நிரூபா."

"அதைத்தான் நானும் கேக்கிறன். பூசை செய்யாத வாகனத்திலை எப்பிடிப் பூசைக்குப் போறது?"

கையில் ஸ்பனருடன் நின்று யோசித்தேன். அந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு ஒரு கோடைகாலம் முழுவதும் போயிற்று. அடுத்த கோடை வருவதற்குள் அண்ணையின் பிரேக் வந்துவிட்டது.

ஆனால் இந்த வருடம் வேறு. இந்த வருடம் கழற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. எல்லாம் புதிது. அந்த வண்டியில் பழையது என்று சொல்ல இருந்தது நான் மட்டும்தான். பூசைக்கும் வழி கண்டுபிடித்தேன். ஐயரையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை ட்ரைவ்வேயில் பூசை. ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கும். அப்படியே கிங்ஸ்ரன்.

நிரூபாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"நல்லது. எலுமிச்சம்பழம் நான் வாங்கிறன்."

"உமக்குப் பயமில்லையோ?"

"எனக்கென்ன பயம்? நானோ ஓடப்போறன்?"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வென்றவனுக்கு ஏன் இருப்புக் கொள்ளவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் கராஜுக்கும் குசினிக்கும் நடுவில் நடந்தேன். ரயருக்குக் காற்றுப் பார்த்தேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். துடைத்த பெற்றோல் ராங்கைத் துடைத்தேன். சோற்றுக் கோப்பையில் கை வைத்தால் சோறு இறங்கவில்லை. உற்சாகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உற்சாகம் வந்தால் ஒரு மனிதன் இத்தனை தடவை பாத்ரூம் போவானா என்றும் கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து கராஜைத் திறந்தேன். அண்ணை வந்து நின்றார்.

"தம்பி குலம், முன் ஃபோர்க்கைப் பாத்தனீரோ?"

"ஏன் அண்ணை?"

"ஒருக்கா நானும் மச்சானும் பரந்தனாலை போகேக்கை..."

"அண்ணை, அது செயின் அறுந்ததெல்லோ?"

"செயினும்தான்."

"அப்ப பிரேக்?"

"அது வாய்க்காலுக்குக் கிட்டப் போகேக்கை."

"சீற்?"

"தம்பி, அந்தக் காலத்து றோட்டு அப்பிடி. ஃபோர்க்குக்குள்ளை ஒயில் இருக்கு. அது கசிஞ்சால் முன் சில்லு ஆடும். ஆடினால் ஆள் முடிஞ்சுது. பிறகு உம்மடை விருப்பம்."

சிரித்து அனுப்பியிருக்கலாம். 'அண்ணை, மச்சானும் நீங்களும் ஒரே நாளில் எத்தனை தரம் விழுந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் குனிந்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பார்த்தேன். ஓர் இடத்தில் ஈரம் மாதிரி இருந்தது. நான் துடைத்த ஈரமாகவும் இருக்கலாம். அண்ணை வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் முன் சில்லைக் கழற்றிவிட்டேன். பொழுதுபடும்போது மோட்டார் சைக்கிள் முழங்காலில் நின்று செபம் செய்வது போல் இருந்தது.

கை கழுவிவிட்டுச் சாப்பிட இருந்தேன். தட்டில் இருந்த இடியப்பம் முடிந்தது. சட்டியில் இருந்ததும் முடிந்தது.

"என்னப்பா, கழட்டிப்போட்டியளோ?" என்றாள் நிரூபா.

"பாதுகாப்பெல்லோ முக்கியம்."

"ஓமோம். அப்ப ஐயருக்குப் போன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"சொல்லும். என்ன செய்யிறது?"

போன் ஏற்கனவே அவளுடைய கையில்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, ஒரு நட்டு இளகவில்லை. பெரிய ஸ்பனர் வேண்டும். அண்ணையிடம் கேட்போம் என்று போனேன். அவருடைய கராஜ் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு டீப் ஃப்ரீசர், ஒரு மூட்டை வெங்காயம், அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் கதிரைகள். ஸ்பனர் இல்லை. ஒரு ஆணி கூட இல்லை. அண்ணை எனக்கு முதுகு காட்டி நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"...வடிவாச் சொன்னியள் அண்ணை," என்றது போன். என் வீட்டுக் குரல். "நான் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான். ஆனால் வாய்க்காலிலை கொஞ்சம் தடுமாறிப்போனியள்."

"நான் என்ன செய்யிறது பிள்ளை? அந்தாள் வழக்கறிஞர் மாதிரிக் கேள்வி கேக்குது. ஃபோர்க் எண்டால் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டே எனக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமே? யூரியூப்பிலை பாத்துத்தான் சொல்லித் தாறன்."

"பிள்ளை, எனக்கெண்டால் பாவமாக் கிடக்கு. மனிசன் ஒருக்கா ஓடித்தான் பாக்கட்டுமே. இப்பிடி மறிக்கிறது சரியோ?"

"ஆர் மறிச்சது?" நிரூபாவின் குரல் உயர்ந்தது. "நான் மறிக்கேல்லை அண்ணை. போன வருசம் எல்லாம் பூட்டி முடிச்சாப்போலை, நான் வீட்டிலை இல்லையெண்டு நினைச்சு ஏறி இருந்தவர். கதவு நீக்கலாலை பாத்தனான். ஸ்ரார்ட் பண்ணினவர். கால் ரெண்டும் நடுங்குது. உடனை நிப்பாட்டிப்போட்டு, இறங்கி ராங்கைத் துடைக்கிறார். பயமெண்டு சொல்ல அந்த மனிசனுக்கு வாய் வராது. ரோசக்காரன். அவருக்கு ஓடாமல் இருக்க ஒரு சாட்டு வேணும் அண்ணை. அதைத்தான் உங்களிட்டைக் குடுத்தனுப்பிறன். இந்தக் கிழமை முழுக்கச் சாப்பாடில்லை. நேற்றுக் கழட்டினாப் பிறகுதான் இடியப்பம் இறங்கினது."

அண்ணை திரும்பினார். என்னைக் கண்டார். போனை இரண்டு கையாலும் பொத்தினார். பிறகு, பொத்தினாலும் கேட்கும் என்று விளங்கி, நிறுத்தினார்.

"தம்பி... எப்ப வந்தனீர்?"

"உங்கடை மச்சான் இப்ப எங்கை அண்ணை இருக்கிறார்?"

வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு மச்சான் இல்லைத் தம்பி."

"மோட்டச்சைக்கிள்?"

"சைக்கிள் ஒண்டு இருந்தது."

"பரந்தன்?"

"பஸ்ஸிலை ஒருக்காப் போனனான். நல்ல பஸ். ஒண்டும் கழரேல்லை."

எனக்குக் கோபம் வரவேண்டும். காத்திருந்தேன். வரவில்லை. இத்தனை வருடமும் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றினார்கள் என்று சத்தம் போட, நல்ல நல்ல வசனங்கள் வாய் வரைக்கும் வந்தன. ஆனால் கால் நடுங்கியதை இரண்டு பேருமே சோடிக்கவில்லை. அது என்னுடைய கால். ஏமாற்றியவர்களை எண்ணத் தொடங்கினால் முதலாவது ஆளாக நான் வந்து நிற்பேன்.

இப்போதே போய்ச் சில்லைப் பூட்டி, ஃபோர்க்கை இறுக்கி, பூசையும் வேண்டாம் எலுமிச்சம்பழமும் வேண்டாம் என்று கிங்ஸ்ரனுக்குப் புறப்பட்டுக் காட்டலாம். உண்மையாகவே யோசித்தேன். நெடுஞ்சாலையில் ஏறும் அந்த வளைவையும், பின்னால் வரும் பாரவண்டியையும் யோசித்தேன். பிறகு ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்துப்போட்டு அண்ணைக்கு முன்னால் இருந்தேன். குரலைத் தாழ்த்தினேன்.

"அண்ணை, ஃபோர்க் வேலை எப்பிடியும் ஆவணிக்குள்ளை முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு நிரூபா எதைக் கழட்டச் சொன்னவ?"