பால் மூடி கட்டிய பாதாம் மரம்

எண்பதுகளில் எங்கள் மாதுங்கா கட்டடத்தில் பொய்யே பேசாத ஒரே பிராணி அயோடின் மாமாதான். அதனால் அவரோடு பேசவே எல்லோருக்கும் பயம். ஒரு வீட்டில், "மாமி, உங்க காப்பி அமிர்தம்" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து நாற்காலியிலிருந்து, "அமிர்தமில்லை, பாதி சிக்கரி" என்றார் மாமா. அந்த வீட்டில் எனக்கு மறுபடி காப்பி கிடைக்கவில்லை.

மாமா காலேஜில் தாவரவியல் புரொபசர். இலைகள் வெயிலைச் சாப்பாடாக்கும் வித்தையைப் பற்றி அவர் எழுதியதை வெளிநாட்டில்கூடப் படித்தார்களாம். எங்களுக்குத் தெரிந்தது அவர் விரலில் அயோடின் கறையும் வீட்டில் ஸ்பிரிட் வாடையும்தான். வாடை பொறுக்காமல் ஒருநாள் சொசைட்டி செக்ரட்டரி கதவைத் தட்டினார். மாமா இடுக்கியில் வெந்த இலையோடு வந்து நின்றார்.

"என்ன சார், டிபனா?"

"இல்லை. வெயில் பட்ட இடத்துல மாவுச்சத்து இருக்கும். அயோடின் விட்டா அங்க மட்டும் கறுக்கும். உள்ள வரேளா, காட்டறேன்?"

செக்ரட்டரி அதற்குள் ஒரு மாடி இறங்கிவிட்டார்.

கட்டட வாசலில் ஒரு பாதாம் மரம். மாமாவின் ஆராய்ச்சி முழுக்க அதில்தான். உச்சிக்கிளை இலையும் நிழலிலேயே வளர்ந்த இலையும் ஒரே மாதிரி சமைக்கின்றனவா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அப்போது பால் பாட்டிலில் வரும். அதன் அலுமினிய மூடிகளை வீடு வீடாக வாங்கி, தட்டி நீட்டி, வெயிலை மறைக்க இலைகளில் மடித்துவிடுவார்.

முதல் மூடிகளை மடித்துவிட்ட வாரம் பார்த்து மாமாவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவ்வளவுதான், மூடி கட்டிய பலன் என்று கீழ்வீட்டு மாமி தன் பிள்ளைக்கு வேலை கிடைக்க ஒரு மூடி கட்டினாள். பிறகு டிரான்ஸ்ஃபருக்கு ஒன்று, டோம்பிவிலியில் ஃபிளாட்டுக்கு ஒன்று. செம்பூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எது சோதனை, எது வேண்டுதல் என்று மாமாவுக்கே தெரியவில்லை.

"கட்டறதுன்னா கிளையில கட்டுங்கோ! இலையோட சாப்பாட்டை ஏன் பிடுங்கறேள்?" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும், மரத்தை வெட்டலாம் என்று செக்ரட்டரி மரத்தடியிலேயே மீட்டிங் போட்டார். "சாமி மரம்! கை வெக்கப்படாது!" என்று மாமிகள் கிளம்பினார்கள். செக்ரட்டரி சிரித்தார்.

"புரொபசரே சொல்லட்டும். சார், நீங்க பொய் சொல்லமாட்டேள். இந்த மூடியெல்லாம் நீங்க ஆரம்பிச்சது. வேண்டுதலா, எக்ஸ்பெரிமென்ட்டா?"

உண்மையைச் சொன்னால் மரம் விறகாகிவிடும். மாமா மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கோயிலில்கூடக் கைகூப்பாத மனுஷர், கும்பிட்டபடி மரத்தைச் சுற்றி வந்து நின்றார்.

"வேண்டுதல்தான்."

முகம் அயோடின் விட்ட இலையாகக் கறுத்திருந்தது. மரம் பிழைத்தது. ஆராய்ச்சியை மாமா மொட்டை மாடித் தொட்டிச் செடிகளில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பின்னொரு மழைக்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் நானும் போய் ஒரு மூடி கட்டினேன். இலையில் இல்லை, கிளையில்தான். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் திட்டுவாரே.