தலைக்கு இரண்டு சேலை

சங்கரன்கோவில்,
புரட்டாசி 3.

பெருமதிப்பிற்குரிய செல்வக்குமார் அத்தானுக்கு, மைத்துனன் கோகுல் வணங்கி எழுதுவது. இங்கு தறிகள் உட்பட எல்லோரும் நலம். அங்கு சேலத்தில் நீங்களும் அக்காளும் உங்கள் ஊரின் வளர்ச்சி விகிதமும் நலமா?

நீங்கள் போனில் அனுப்பிய ஆய்வறிக்கையைப் படித்தேன். உங்கள் சேலம் பக்கம் ஒரு தொழிலாளி நாளைக்கு ஆறு சேலை நெய்கிறானாம், சங்கரன்கோவில்காரன் இரண்டுதானாம். கீழே, "ஏ மாப்ள, அங்கன தூங்குதியளா? பேசாம இங்க வந்திரு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் முதலாளி சிவராமலிங்கம் அண்ணாச்சியின் ஷெட்டில் எட்டு விசைத்தறி, நாங்கள் நாலு பேர், நாளைக்கு முப்பத்திரண்டு சேலை. தலைக்கு எட்டு. புதுத்தறிக்கு மானியம் தரலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவதாகத் தகவல் வந்ததும், அண்ணாச்சிக்குக் கௌரவம் முளைத்துவிட்டது. "நாலு பேர வச்சிக்கிட்டு கம்பெனின்னா சிரிக்க மாட்டாவளா? கூட்டம் வேணும்வே!" என்று, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து பத்து நாளாகியும் ஊர் திரும்பாத சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு நீலச்சட்டை மாட்டி, பதிவேட்டிலும் பேர் ஏற்றி, தறிக்கு நடுவே நிறுத்திவிட்டார். எங்களோடு நெய்கிற மாரிசெல்வி அக்கா பொறுக்காமல், "அண்ணாச்சி, சேலைய ஆளால வகுத்துல்லா பாப்பாவ!" என்றாள். "வகுத்துட்டுப் போகட்டும்ட்டி, நம்மகிட்டதான் ஆளு இருக்கே!" என்றார் அவர். காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஒருவரிடம் மேடம், "உங்க பொறுப்பு என்ன?" என்று கேட்டார். "இவரு பொண்ணுக்கு மாமனாரு" என்று அண்ணாச்சியைக் காட்டினார். அதையும் மேடம் எழுதிக்கொண்டார்.

ஊரில் பார்த்தது எங்கள் ஷெட் ஒன்றுதான்; முப்பத்திரண்டைப் பதினாறால் வகுத்து, அதையே ஊர்க்கணக்கு ஆக்கினார்கள். மானியம் சேலத்துப் பக்கம் போனது. நல்ல ரோடும் வங்கிக் கடனும் போன வழிதான். காரணமாக எழுதப்பட்டது மட்டும் எங்கள் சோம்பல். அன்றைக்கு இரண்டு தரம் கரண்ட் போனதைக்கூட 'தொழிலாளர் ஓய்வு' என்று குறித்திருக்கிறார்கள்.

ஆகவே அத்தான், நான் வரவில்லை. எட்டு நெய்கிறவனுக்கு ஆறு நெய்கிற ஊரில் என்ன வேலை? அக்காளுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, அறிக்கை எழுதாத வேலைக்குப் போகட்டும்.

தங்கள்,
கோகுல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். ஆள் அதிகம், குறைக்க வேண்டும் என்று அறிக்கை சொல்கிறதாம். "சொந்தக்காரங்கள எப்படிப்பா போகச் சொல்ல?" என்றார். குறைக்கப்பட்டது நாங்கள் நாலு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மாரிசெல்வி அக்காவும் வருகிறாள், இரண்டு பேருக்கும் தறி பார்த்து வையுங்கள். நாங்கள் அங்கே நெய்யப்போவது அடுத்த அறிக்கையில் சேலத்தின் வளர்ச்சி என்று வரும்.